கிளட்ச் பிளேட்டை மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சனி, ஞாயிறுகளில் அடிவாரம் சோதனைச் சாவடியைத் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறுகிறவர்களுக்கு அந்த வாடை பழகியிருக்கும். பாதி மலையில், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில், கிளட்ச் கருகுகிற வாடை. ஒரு காலத்தில் ஆள் நிறைந்த பழைய வேன்களிலிருந்து வந்தது. இப்போது தாழ்ந்த, அகல டயர் போட்ட, டர்போ வைத்த ஸ்போர்ட்ஸ் கார்களிலிருந்தும் வருகிறது. அப்படிப்பட்ட கார் டோ வண்டியில் ஏறி சேலத்துக்கு இறங்கி வந்ததும் உரிமையாளர் சொல்வது ஒன்றுதான்: “பிளேட் போயிடுச்சு, மாத்திக் கொடுங்க.” பல பட்டறைகளில் கேட்டபடியே செய்தும் விடுகிறார்கள். கியர்பாக்ஸ் இறங்குகிறது, புதுப் பிளேட் உட்காருகிறது, பில் வருகிறது. கொஞ்ச நாளில் அதே வண்டி அதே மலையில் மறுபடி புகைகிறது. என்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்துக்கும் வில்லால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் பிடிபட்டு, லைனிங் என்ற உராய்வு முகத்தின் பிடியால் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது கிளட்ச் பிளேட். அந்தப் பிடி தளர்ந்து வழுக்குவதுதான் நழுவல். ஏன் நழுவியது என்று தெரிந்துகொள்ளாமல் கியர்பாக்ஸில் ஸ்பானர் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். சற்று நீளம்தான், விஷயம் அப்படி.

முதலில், கிளட்ச்தான் நழுவுகிறதா என்பதை உறுதி செய்ய வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி இழுக்கவில்லை என்றாலே கிளட்ச் மேல் பழி போடுகிறோம். என்ஜின் சுற்றும் (நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்பது) ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் கோளாறு டர்போ குழாயிலோ, பிளக்கிலோ, எரிபொருள் அழுத்தத்திலோ இருக்கும். சுற்று மட்டும் எகிறி வேகம் அப்படியே நின்றால்தான் கிளட்ச். ஈரச் சாலையில் முதல், இரண்டாம் கியரில் சுற்று எகிறுவது பெரும்பாலும் டயர் வழுக்குவது. டாஷ்போர்டில் டிராக்ஷன் விளக்கு மின்னுவதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

நின்ற இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்ச்சை விட்டு என்ஜின் அணைகிறதா என்று பார்ப்பது நம் ஊர் வழக்கம். அடியோடு போன கிளட்ச்சை அது காட்டும். பாதி போனதைக் காட்டாது. இன்னொன்று, இப்போதைய பல கார்களில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்தால் கம்ப்யூட்டரே திராட்டிலை, அதாவது என்ஜினுக்குக் காற்று போகும் வால்வை, மூடிவிடும். சுற்று இறங்குவதைப் பார்த்து “கிளட்ச் நல்லா இருக்கு” என்று சொல்லி அனுப்பினால் ஏமாற்றம்தான். அந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது மிச்சமிருக்கும் லைனிங்கையும் கருக்கும் வேலை.

சரியான சோதனை சாலையில்தான். மலையில் வேண்டாம். ஓமலூர் பக்கம் நாற்கரச் சாலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரத்தில், நான்காம் கியரில் 2,000 சுற்றுக்குச் சற்றுக் கீழே ஓட்டி ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்க வேண்டும். டர்போ என்ஜினின் முழு டார்க்கும் (முறுக்கு விசை) வந்து இறங்கும் இடம் அதுதான். கீழ் கியரில் வண்டி பாய்ந்து ஓடி அந்தச் சுற்றை நொடியில் தாண்டிவிடும். மேல் கியரில் முழுச் சுமை அங்கேயே தங்கும். அதனால்தான் நழுவல் முதலில் நான்கு, ஐந்தாம் கியரில் தலைகாட்டுகிறது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் சுற்றையும் வேகத்தையும் சேர்த்துப் பதிவு செய்தால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. உதாரணமாக, ஒரு காரில் நான்காம் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 2,000 சுற்று என்றால் 66 கிலோமீட்டரில் 2,200 இருக்க வேண்டும். 2,600 காட்டினால் 400 சுற்று கிளட்ச்சில் வெப்பமாகப் போகிறது. கியர் விகிதம் பொய் சொல்லாது.

நழுவல் உறுதியானால், அடுத்து கணக்கு. கிளட்ச் தாங்கும் டார்க் நான்கு விஷயங்களின் பெருக்கல்: லைனிங்கின் உராய்வு எண், பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, லைனிங்கின் சராசரி ஆரம், பிளேட்டுக்கு இரண்டு முகம் என்பதால் 2. உராய்வு எண் 0.3, அழுத்தம் 5,000 நியூட்டன், ஆரம் 9 சென்டிமீட்டர் என்று வைத்தால் 270 நியூட்டன் மீட்டர் வரும். 200 நியூட்டன் மீட்டர் என்ஜினுக்கு அது தாராளம். அதே லைனிங் சூடேறியோ எண்ணெய் பட்டோ உராய்வு 0.2-க்கு இறங்கினால் தாங்குவது 180 மட்டுமே. பிளேட்டில் தடிமன் நிறைய இருந்தும் நழுவும். “பிளேட் புதுசு மாதிரியே இருக்கு, ஆனா ஸ்லிப் ஆகுது” என்று குழம்புகிறவர்கள் இந்தப் பெருக்கலைப் பார்த்தால் போதும்.

இதே கணக்கை ரிமேப், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றித் திறனைக் கூட்டும் வேலை, செய்யும் தம்பிகளும் போட்டுப் பார்க்க வேண்டும். அபார்த் புன்டோ காரின் 1.4 லிட்டர் டர்போ என்ஜின் கம்பெனியிலிருந்து வந்தபோது 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர். கம்பெனி கிளட்ச்சில் அதற்கு மேல் கொஞ்சம்தான் இடம் விட்டிருப்பார்கள். லேப்டாப்பில் டார்க்கை 60, 70 ஏற்றிவிட்டால் அந்த இடம் போய்விட்டது. பழுது எதுவுமே இல்லாத புதுக் கிளட்ச்சும் நழுவும். வண்டியைப் பட்டறையில் விடும்போது ரிமேப் செய்திருப்பதை மறைக்காதீர்கள். மறைத்தால் கம்பெனி அளவுப் பிளேட்தான் திரும்ப உட்காரும், பணம் இரண்டு முறை போகும்.

இனி மலை. நெரிசலில் வளைவு வளைவாக நின்று நின்று ஏறும்போது, ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல் அரை கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடிப்பது கெட்டிக்காரத்தனம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதன் விலையைப் பாருங்கள். 1,500 கிலோ கார், நூறு மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் சரிவு. வண்டியைப் பின்னால் இழுக்கும் விசை சுமார் 1,180 நியூட்டன். 31 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் அது 365 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் இறுதி கியரும் சேர்ந்த விகிதம் 14 என்றால் கிளட்ச்சில் 26. என்ஜின் 1,500 சுற்றில் ஓட, பிளேட் அசையாமல் நிற்க, நடுவில் உண்டாகும் வெப்பம் 4 கிலோவாட்டுக்கு மேல். குளியலறை கெய்சர் இரண்டைச் சேர்த்து அந்தச் சின்ன மூடிய அறைக்குள் வைத்த மாதிரி. ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்து 10 கிலோ இரும்பு என்று கொண்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 50 டிகிரி ஏறும். உராயும் முகம் அதைவிட வேகமாக ஏறும். சாதாரண ஆர்கானிக் லைனிங்கைப் பிணைத்திருக்கும் பிசின் 250, 300 டிகிரியில் கருகத் தொடங்கும். மூக்குக்கு வரும் வாடை அதுதான்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இதில் கூடுதல் பாதகம் ஒன்று. அதன் முதல் கியர் நீளம். சாதாரணக் காரில் மொத்த விகிதம் 14 இருந்தால், 800 சுற்று ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாத ஓட்டத்தில்), 1.95 மீட்டர் சுற்றளவு டயரோடு, கிளட்ச்சை முழுதும் விட்டு மணிக்கு 6.7 கிலோமீட்டரில் ஊரலாம். விகிதம் 11 ஆக இருக்கும் காரில் அதுவே 8.5 கிலோமீட்டர். முன்னால் போகும் பஸ் 5 கிலோமீட்டரில் ஏறுகிறது என்றால் ஸ்போர்ட்ஸ் காரால் கிளட்ச்சை முழுவதும் விடவே முடியாது. நழுவவிட்டுத்தான் ஆக வேண்டும். இதற்கு வழி ஒன்றுதான்: முன் வண்டியோடு ஒட்டி ஊராமல், ஹேண்ட் பிரேக்கில் நின்று, இரண்டு மூன்று கார் நீளம் இடம் விழுந்த பிறகு சட்டென்று கிளட்ச்சை விட்டு ஒரே மூச்சில் ஏறி மறுபடி நிற்பது. பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். ஹில் ஹோல்டு இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அது பிடிப்பது சுமார் இரண்டு வினாடி. காலை எடுத்து வைக்கத் தரும் அவகாசம் மட்டுமே அது.

பட்டறைக்கு வருவோம். கியர்பாக்ஸை இறக்காமலே கண்டுபிடிக்கக்கூடிய காரணங்கள் பல. அவற்றை முதலில் முடிக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரில் கியர்பாக்ஸ் இறக்குவது என்றால் டிரைவ் ஷாஃப்ட், சப்ஃபிரேம், சில வண்டிகளில் புகைக்குழாய், புரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாம் கழன்றாக வேண்டும். என்ஜின் நடுவில் இருக்கும் வண்டி என்றால் இன்னும் மோசம்.

பெடலுக்கு அடியில் தடிமனான மிதியடி விரித்திருக்கிறதா பாருங்கள். சிரிக்க வேண்டாம், நடப்பதுதான். பெடலின் தொடக்கத்தில் சில மில்லிமீட்டர் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். கேபிள் வண்டி என்றால் அந்த ஆட்டம் கேபிள் அட்ஜஸ்டரில் கிடைக்கும். பிளேட் தேயத் தேய ஆட்டம் குறையும் என்பதால் அவ்வப்போது பார்த்துத் தளர்த்த வேண்டும். ஹைட்ராலிக் வண்டியில், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் கிளட்ச்சை விலக்கும் வண்டியில், பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ராடில் கிடைக்கும். யாராவது “கிளட்ச் மேலே பிடிக்கட்டும்” என்று அந்த ராடை நீளமாகத் திருகி வைத்திருந்தால் பிஸ்டன் கடைசி வரை திரும்பாது. சிலிண்டருக்குள் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே கிடக்கும். காலையில் வண்டி நன்றாக இழுக்கும். என்ஜின் சூட்டில் குழாயிலுள்ள எண்ணெய் விரிந்ததும் போக வழியில்லாமல் கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். யாரும் பெடலை மிதிக்காமலே கிளட்ச் பாதி அழுத்தியபடி நிற்கும். இந்த ஒரு கோளாறுக்காக எத்தனை நல்ல பிளேட்டுகள் குப்பைக்குப் போகின்றனவோ.

ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கினாலும் இதே விளைவு. எண்ணெய் அழுத்தத்தோடு போகும், திரும்பி வராது. டாட் 4 என்ற பிரேக் எண்ணெய் ஊற்ற வேண்டிய தொட்டியில் பவர் ஸ்டீயரிங் எண்ணெயையோ வேறு மினரல் எண்ணெயையோ தெரியாமல் ஊற்றியிருந்தால் ரப்பர் அத்தனையும் ஊதிப்போகும். அப்போது ஹோஸ், மாஸ்டர், ஸ்லேவ் எல்லாவற்றின் ரப்பரையும் மாற்றியாக வேண்டும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே தொட்டி. அப்படியானால் பிரேக்கும் அதே கதிதான். அந்த வண்டியை ஒரு அடி கூட ஓட்டக் கூடாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. வண்டி சூடாகி நழுவிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, ஸ்லேவ் பக்கத்து ஏர் எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, நிப்பிளில் குழாய் மாட்டிக்கொண்டு செய்ய வேண்டும். எண்ணெய் அழுத்தத்தோடு பீறிட்டு வந்து, இறுக்கிய பிறகு கொஞ்ச நேரம் நழுவல் நின்றால் கோளாறு ஹைட்ராலிக்கில். கியர்பாக்ஸைத் தொட வேண்டாம். ஒன்றிரண்டு சொட்டு மட்டும் கசிந்தால் பிளேட், பிரஷர் பிளேட், எண்ணெய்க் கசிவு என்று உள்ளே தேடலாம். டாட் 4 பெயிண்டைத் தின்னும். பாடியில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

அடுத்தது எண்ணெய்க் கசிவு. கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் ஈரம் இருந்தால் என்ன எண்ணெய் என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல். கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில், அதாவது கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட்டின் சீல். நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் பெல் ஹவுசிங்குக்குள் உட்காரும் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுகிறது. சந்தேகம் என்றால் டம்ளர் தண்ணீரில் நான்கு சொட்டு விடுங்கள்: பிரேக் எண்ணெய் கரைந்துவிடும், மற்றவை மிதக்கும்.

பின் சீல் ஒழுகினால் புதுச் சீலை அடித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். என்ஜினின் கிராங்க் கேஸ் காற்றுப் போக்கி வால்வு அடைத்திருந்தால் உள் அழுத்தம் ஏறி எந்தச் சீலையும் வெளியே தள்ளும். டர்போ அழுத்தத்தைக் கூட்டிய என்ஜின்களில் இது சகஜம். வால்வைச் சரிசெய்யாமல் போட்ட சீல் நிலைக்காது. அதோடு புதுப் பிளேட்டும் போகும். எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவிக் காயவைத்துப் போடும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். லைனிங் நுண்துளை உள்ள பொருள். முதல் சூட்டிலேயே உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வரும். பெல் ஹவுசிங் துளை வழியாகப் பெட்ரோல் பீய்ச்சி என்ஜினை ஓட்டுவது தீ விபத்துக்கு அழைப்பு.

இவ்வளவையும் பார்த்த பிறகு கியர்பாக்ஸ் இறங்கட்டும். பிளேட்டில் ரிவிட் தலைக்கு மேல் 0.3 மில்லிமீட்டர் லைனிங் கூட இல்லையென்றால் ஆயுள் முடிந்தது. தடிமன் இருந்தும் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் சூட்டில் மெருகேறியது. எமரித் தாள் தேய்ப்பது நாலு நாளைக்குத்தான் தாங்கும். பிரஷர் பிளேட்டிலும் ஃப்ளைவீலிலும் நீலத் திட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரல் நகத்தால் தடவினால் மாட்டும் வெடிப்பு இருந்தால் அந்தப் பாகம் தூக்கி எறிய வேண்டியது. நீலத் திட்டு மட்டும் என்றால் ஃப்ளைவீலை மீட்கலாம், ஆனால் லேத்தில் அல்ல. அந்தத் திட்டுகள் சூடாகி ஆறியதில் இறுகிப்போன இரும்பு. லேத் டூல் அவற்றின் மேல் ஏறி இறங்கிப் போகும், வெட்டாது. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும், டயல் கேஜ் வைத்தால் மேடு காட்டும். புதுப் பிளேட் அந்த மேடுகளில் மட்டும் உட்கார்ந்து மறுபடி அங்கேயே சூடேறும். சர்ஃபேஸ் கிரைண்டிங்தான் வழி. பொதுவாக 0.2, 0.3 மில்லிமீட்டர் எடுத்தால் போதும். பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு படியாக இருக்கும் ஃப்ளைவீலில், உராயும் முகத்தில் எடுத்த அளவையே விளிம்பிலும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தும் விசை குறைந்து, புது செட் போட்ட அன்றே நழுவல் திரும்பும்.

இரண்டு தட்டுகளாலான டூயல் மாஸ் ஃப்ளைவீலை எந்திரத்தில் வைக்காதீர்கள். உள்ளே வில்லும் கிரீஸும் இருக்கின்றன. கையால் திருகும்போது கையேட்டில் சொன்ன கோணத்துக்கு மேல் சுழன்றாலோ, தட்டு ஆடினாலோ, கிரீஸ் தெறித்திருந்தாலோ புதிதுதான். அதன் விலையைக் கேட்டுத் திடுக்கிடுபவர்கள் ஒற்றை ஃப்ளைவீல் மாற்று செட்டைத் தேடுகிறார்கள். போடலாம். ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடப்பதையும் கியர்களுக்குப் போகும் அதிர்வையும் ஏற்றுக்கொண்டு போட வேண்டும்.

சேலம், சங்ககிரி பக்கம் லாரித் தொழில் வேரூன்றிய ஊர்கள் என்பதால் பழைய பிளேட்டுக்குப் புது லைனிங் வைத்து ரிவிட் அடிப்பது நம் பட்டறைகளுக்குக் கைவந்த கலை. லாரிக்கு அது நல்ல வேலை. 7,000 சுற்று போகும் காருக்கு வேண்டாம். லைனிங்கைப் பிய்க்கும் மையவிலக்கு விசை சுற்றின் வர்க்கத்தோடு ஏறும். 2,500 சுற்று லாரியோடு ஒப்பிட்டால், பிளேட் சிறிதாக இருந்தும், நாலைந்து மடங்கு வரும். அந்தச் சுற்றில் லைனிங் பிய்ந்தால் பெல் ஹவுசிங்கே உடையலாம்.

பொருத்தும்போது சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்கள் சில. பிளேட், பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அதைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே செட்டாக மாற வேண்டும். ஸ்லேவ் சிலிண்டர் உள்ளே இருக்கும் வகையென்றால் அதுவும் சேர்ந்து. நன்றாக இருக்கிறதே என்று பழையதை விட்டு, அது பிறகு ஒழுகினால் மொத்த வேலையும் மறுபடி. ஃப்ளைவீல் போல்ட் பெரும்பாலான ஐரோப்பியக் கார்களில் நீண்டு இறுகும் வகை. ஒருமுறை கழற்றினால் புதிது போட்டு, டார்க் ரெஞ்சில் சொன்ன அளவும் அதற்கு மேல் சொன்ன கோணமும் வைக்க வேண்டும். பிரஷர் பிளேட்டின் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரும், உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. எதிரெதிர் மூலையாக, ஒரு நேரத்தில் அரைச் சுற்று. இம்பாக்ட் கன் அங்கே வேண்டவே வேண்டாம். கவர் கோணிக்கொண்டால் பெடலை மிதிக்கும்போது பிளேட் ஒருபுறம் விடுபட்டு மறுபுறம் உரசும்.

தானாகச் சரிசெய்துகொள்ளும் கிளட்ச் வகையில் அதற்குரிய கருவியால் வில்லை அமுக்கி வைத்துத்தான் போல்ட் இறுக்க வேண்டும். வெறும் போல்ட்டால் இழுத்து உட்காரவைத்தால் உள்ளிருக்கும் வளையம் இடம் மாறி, புதியதே பாதி தேய்ந்ததுபோல் நடந்துகொள்ளும். இந்த வகையில் இன்னொரு தொல்லை. பழைய வகையில் பிளேட் தேயத் தேய பெடல் கனத்து, பிடிக்கும் இடம் மேலே வந்து எச்சரிக்கும். இதில் பெடல் கடைசி வரை ஒரே மாதிரி இருக்கும். நேற்று வரை நன்றாக இருந்த வண்டி இன்று நழுவுகிறதே என்றால் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் வரும்.

இன்புட் ஷாஃப்ட் பல்லில் கிரீஸ் மெல்லிய பூச்சு மட்டும். பிளேட்டை ஒருமுறை ஏற்றி இறக்கி, பிதுங்கியதைத் துடைத்துவிட வேண்டும். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை ஷாஃப்ட் வழியாகப் பிளேட்டின் நடுவில் தொங்கினால் பிளேட் வளையும். ஜாக் கடைசி போல்ட் வரை இருக்கட்டும். உள் ஸ்லேவ் வண்டியில் கியர்பாக்ஸ் இறுகும் முன் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். ஏர் எடுத்து முடித்ததும் முதல் 500 முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் நின்று நின்று ஓட்டுவதே லைனிங் படிய நல்லது. முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம். ஏற்காடு அதற்குப் பிறகு.

ரேஸ் கிளட்ச் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வெறும் இரண்டு வரி. ரிமேப் வண்டிக்கு 20, 30 சதவீதம் அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும் ஆர்கானிக் பிளேட்டும் போதும். செராமிக் துண்டு வைத்த பிளேட் பிடித்தால் பிடிக்கும், விட்டால் விடும். கொண்டை ஊசி வளைவில் மெதுவாக ஏறவே முடியாமல் வண்டி குதிக்கும்.

இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் உலர் டிஎஸ்ஜி (கிளட்ச் எண்ணெயில் மூழ்காத இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்) 250 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைத்தது. ஏற்றத்தில் பிரேக்கை லேசாக விட்டு, ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் அங்கும் பிளேட் நழுவிச் சூடேறும். பிரேக்கை அழுத்தி மிதித்தால் கிளட்ச் தானே விலகும், அதையே செய்யுங்கள். கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கும் ஆறு கியர் வகையில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். பிளேட் மாற்றிய பின் ஸ்கேனரில் அடிப்படை அமைப்பைப் பதிய வைக்காவிட்டால் புதுக் கிளட்ச்சும் பழைய அளவிலேயே பிடித்து நழுவும்.

மலையில் நழுவத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். என்ஜினை அணைக்காமல், நியூட்ரலில், கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு 15 நிமிடம் விடுங்கள். பெடலை மிதித்தபடி காத்திருந்தால் பிளேட் தனியாக நின்று சூட்டில் வேகும்; விட்டால் எல்லாம் சேர்ந்து சுழன்று காற்று வாங்கும். பிறகு பிடித்தாலும் மேலே போக வேண்டாம். திரும்புங்கள். முழு டார்க்கைத் தாங்காத கிளட்ச்சும் என்ஜின் பிரேக்கைத் தாங்கும், ஏனென்றால் இறக்கத்தில் என்ஜின் இழுக்கும் டார்க் மிகக் குறைவு. இரண்டாம் கியரில் 20 வளைவும் மெல்ல இறங்கலாம். அதுவும் பிடிக்காமல் சுற்று ஐடிலுக்கு விழுந்தால், பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள், அங்கேயே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள். தாழ்ந்த வண்டிகளுக்குத் தட்டையான டோ வண்டி என்று சொல்லியே அழைக்க வேண்டும். கொக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினால் பம்பர் போகும். பின்சக்கர இழுவை வண்டியில் கியர்பாக்ஸும் போகும். பூட்டில் ஸ்பேர் சக்கரக் கருவிகளோடு இருக்கும் டோ கொக்கியை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள்; சில வண்டிகளில் அதற்கு இடதுபுரித் திருகு, எதிர்த்திசையில் திருக வேண்டும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. குறுகலான மலைச் சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அதை அடிவாரத்திலும் ஏற்காடு முனையிலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்கலாம். ஏறுகிற வண்டி வளைவில் நிற்காமல் போனாலே பாதி கிளட்ச் பிழைக்கும். கோடை விழா நாட்களிலும் நீண்ட விடுமுறைகளிலும் அடிவாரத்தில் தட்டையான டோ வண்டி ஒன்றை நிறுத்தி வைத்து, இறங்குகிற வண்டிகளை முடிந்தவரை குப்பனூர் வழியில் திருப்பிவிட்டால் போக்குவரத்துப் போலீசாருக்கும் வேலை குறையும்.

இப்படிக்கு,
கியர்பாக்ஸ், கிளட்ச் வேலை செய்யும் மெக்கானிக்குகள் சிலர்,
சேலம்.